நெஞ்செரிச்சல் மாசக்கணக்கா விடலையா? மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிதமும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

விருதுநகர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல 16 வருஷமா பார்மசிஸ்டா நிக்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியா எங்க கவுன்டர்ல கைமாறுறது அசிடிட்டி மாத்திரைதான். "அண்ணே, ஒரு பான் டி ஸ்ட்ரிப்" னு சீட்டு இல்லாமலே வந்து நிப்பாங்க, எத்தனை நாளா போடுறீங்கன்னு கேட்டா ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு சொல்லுவாங்க, எதுக்கு ஆரம்பிச்சோம்னு கேட்டா ஞாபகம் இருக்காது. எனக்கும் எதுக்களிப்பு ரொம்ப வருஷமா உண்டு, அதனால ராத்திரி 2 மணிக்கு தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி ஏறி எந்திரிச்சு உக்கார்றது எப்படி இருக்கும்னு தெரியும். நான் டாக்டர் இல்ல, உங்களுக்கு எந்த மாத்திரை எத்தனை நாள்னு முடிவு பண்ண வேண்டியது டாக்டர்தான். ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போனா பாதி வேலை முடிஞ்சுரும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

நெஞ்சு எரியுது, கேஸ்னு நினைக்கிறேன். ஹார்ட்டா இருந்தா எப்படி தெரியும்?

இதை முதல்ல வச்சதுக்கு காரணம் இருக்கு. ஒருநாள் ராத்திரி ஷட்டர் பாதி இறக்கியாச்சு, தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் வந்து ரெண்டு ஈனோ பாக்கெட் கேட்டார். ஃபேனுக்கு நேரா நிக்கிறார், ஆனா சட்டை முதுகோட ஒட்டிக் கிடக்கு, நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்குது. "இடது கை கனமா இருக்குப்பா, பஜ்ஜி தின்னேன், கேஸ் அடைக்குது" ன்னு சொல்லிட்டே கவுன்டர் கண்ணாடியில உள்ளங்கையை ஊனி நின்னார், கையை எடுத்தப்போ அந்த ஈரத்தடம் அப்படியே கண்ணாடியில இருந்துச்சு. ஈனோ குடுக்கல, உக்கார வச்சு 108க்கு போன் போட்டேன். ஈசிஜி எடுத்துப் பாத்தா அட்டாக். நேரத்துக்கு போனதால பொழச்சார்.

எதுக்களிப்பு எரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பின்னாடி, குனியும்போது, படுக்கும்போது வரும், வாயில புளிப்போ கசப்போ தெரியும். நெஞ்சுல பாரம் வச்சு அழுத்துற மாதிரி இருந்து, கை, தாடை, முதுகுன்னு பரவி, வேர்வை, மூச்சுத்திணறல், மாடி ஏறுனா அதிகமாகுறது, இதுல ஏதாவது இருந்தா அது ஹார்ட்டுன்னே நினைச்சு ஓடுங்க. சுகர் இருக்கிறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் சில நேரம் இந்த அடையாளம் கூட சரியா காட்டாது, வெறும் வயித்து மந்தம் மாதிரியே வரும். பரிசோதனை பண்ணி கேஸ்னு தெரிஞ்சா நல்லதுதானே, ஒரு ஈசிஜி எடுத்ததால யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சுடல.

கேஸ், அசிடிட்டி, அல்சர், எதுக்களிப்பு, எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல. நம்ம ஊர்ல வயித்துக்கு மேல எது வந்தாலும் "அல்சர்" னு சொல்லிருவோம். அல்சர்ங்கிறது இரைப்பையிலயோ முன்சிறுகுடல்லயோ புண்ணு. நேரத்துக்கு சாப்பிடாததாலதான் அல்சர் வருதுன்னு வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க, ஆனா பெரிய காரணம் ரெண்டுதான், ஒண்ணு ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு பாக்டீரியா, இன்னொண்ணு வலி மாத்திரை. பாக்டீரியாவான்னு யாரும் நம்பாததால பேரி மார்ஷல்ங்கிற ஆஸ்திரேலிய டாக்டர் 1984ல அந்த கிருமியை தானே குடிச்சு இரைப்பையில அழற்சி வர்றதை காட்டினார், 2005ல அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் குடுத்தாங்க.

எதுக்களிப்புல நடக்குறது வேற. உணவுக்குழாய் வந்து இரைப்பையில சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு, சாப்பாடு கீழ போனதும் இறுக மூடிக்கணும். அது நேரங்கெட்ட நேரத்துல தளர்ந்துபோனாலோ, இரைப்பையோட மேல்பாகம் நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்தை தாண்டி நெஞ்சுக்குள்ள ஏறி ஹயாட்டஸ் ஹெர்னியாவா இருந்தாலோ, ஆசிட் மேல வரும். நிறைய பேருக்கு ஆசிட் அதிகமா சுரக்கிறதே கிடையாது, சுரக்குற சாதாரண ஆசிட்தான் இருக்கக்கூடாத இடத்துக்கு வருது. மாத்திரை போட்டா அந்த ஆசிட்டோட காரம் குறையும், வளையத்தை அது இறுக்காது. மாத்திரை போட்டும் சிலருக்கு புளிப்பில்லாத தண்ணியா மேல வந்துட்டே இருக்குறது இதனாலதான்.

ஈனோ, ஜெலுசில், ரான்டாக், பான். எது எதுக்கு?

ஈனோ, டைஜீன், ஜெலுசில் எல்லாம் ஆன்டாசிட். ஏற்கனவே சுரந்து கிடக்குற ஆசிட்டை அந்த நேரத்துக்கு சமன் பண்ணும், சில நிமிஷத்துல கேக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சுரும். ஈனோவுல சோடியம் ரொம்ப அதிகம், பிபி, ஹார்ட், கிட்னி பிரச்சனை உள்ளவங்க அதை தினமும் குடிக்கவே கூடாது. ஜெலுசில் மாதிரி சிரப்புல மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கு, மெக்னீசியம் வயித்தை இளக்கும், அலுமினியம் கட்டும், கிட்னி வீக்கா இருக்கிறவங்களுக்கு ரெண்டுமே உடம்புல தங்கிரும். பாட்டிலை நல்லா குலுக்கிட்டு குடிங்க, மருந்தெல்லாம் அடியில உக்காந்திருக்கும்.

மியூகெயின் ஜெல்ல மரத்துப்போக வைக்கிற மருந்து சேந்திருக்கு, எரிச்சல் தெரியாது, அவ்வளவுதான். காவிஸ்கான்ல இருக்குற ஆல்ஜினேட் (கடல்பாசியில இருந்து எடுக்குறது) இரைப்பைக்குள்ள சாப்பாட்டுக்கு மேல நுரை மாதிரி மிதந்து மூடி போட்டுக்கும், சாப்பிட்ட பின்னாடி எதுக்களிக்கிறவங்களுக்கு எனக்கு பிடிச்சது இதுதான். சாப்பிட்டு முடிச்சதும் குடிக்கணும், முன்னாடி குடிச்சா பிரயோஜனம் குறைவு.

ரான்டாக் (ரானிடிடின்), ஃபேமோசிட் (ஃபேமோடிடின்) இதெல்லாம் அடுத்த வகை, சுரக்குறதை ஓரளவு குறைக்கும், அரைமணி ஒருமணி நேரத்துல கேக்க ஆரம்பிச்சு ஒரு ராத்திரி தாங்கும். ஆனா தினமும் போட்டா ரெண்டு வாரத்துலயே உடம்பு பழகி வேகம் குறைஞ்சுரும். எப்பவாவது கல்யாண வீட்டு பந்தி, நடுராத்திரி எரிச்சல், அதுக்கு சரி.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் (பான்), ராபிப்ரசோல் (ராசோ), எசோமிப்ரசோல், லான்சோப்ரசோல்னு "ப்ரசோல்" ல முடியுறதெல்லாம் ஒரே குடும்பம். இரைப்பை சுவர்ல ஆசிட்டை வெளிய தள்ளுற பம்ப் இருக்கு, அதையே இது அடைச்சிரும். ஒமிப்ரசோல் 1988ல ஸ்வீடன்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி அல்சருக்கு வயித்தை கிழிச்சு ஆபரேஷன் பண்ணினதெல்லாம் சாதாரணமா இருந்த காலம். உணவுக்குழாய் புண்ணு ஆறணும்னா இந்த குடும்பத்துக்கிட்டதான் வரணும், ஜெலுசில் அதை ஆத்தாது.

பான் 40 தினமும் போடுறேன், கேக்கவே இல்லையே?

இதுக்கு நான் திருப்பி கேக்குற முதல் கேள்வி, எப்போ போடுறீங்க? "சாப்பிட்டுட்டுதான்" னு பதில் வரும். இல்லன்னா ராத்திரி படுக்கப் போறப்போ, இல்லன்னா எரியும்போது. மூணும் தப்பு.

அந்த பம்ப் இருக்குல்ல, அது எப்பவும் வேலை செய்யாது, சாப்பாடு உள்ள போனதும்தான் நிறைய முழிச்சுக்கும். முழிச்சிருக்குற பம்பைத்தான் இந்த மருந்தால அடைக்க முடியும். மருந்து ரத்தத்துல இருக்கிறதே ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான், அந்த நேரமும் பம்ப் முழிக்கிற நேரமும் ஒண்ணா அமையணும். அதனால வெறும் வயித்துல மாத்திரை, 30ல இருந்து 60 நிமிஷம் கழிச்சு கட்டாயம் சாப்பாடு. மாத்திரை போட்டுட்டு 10 மணி வரைக்கும் டீயிலயே ஓட்டுறவங்களுக்கும் வீணாத்தான் போகும், டீ சாப்பாட்டுக் கணக்குல வராது.

முதல் நாளே முழுசா கேக்காது, மூணுல இருந்து அஞ்சு நாள் ஆகும், ஏன்னா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் பம்ப் அடைபட்டு வரணும். எரியிறப்போ மட்டும் ஒண்ணு போட்டுட்டு கேக்கலன்னு சொன்னா அது மருந்தோட குத்தம் இல்ல. மாத்திரையை உடைச்சோ பொடிச்சோ போடாதீங்க, மேல இருக்குற பூச்சு போயிட்டா இரைப்பை ஆசிட்டே அதை அழிச்சிரும்.

எங்க தெருவுல ஒரு அக்கா, டெய்லரிங் பண்றாங்க, குனிஞ்சே வேலை. ஒன்றரை வருஷமா ராத்திரி சாப்பிட்டபின்தான் மாத்திரை. காலையில எந்திரிச்சதும் போட்டு முக்கால் மணி நேரத்துல இட்லி சாப்பிடுங்கன்னு மட்டும் சொன்னேன், அதே மாத்திரை, அதே கம்பெனி. பத்து நாள் கழிச்சு வந்து "தம்பி, இது வேற மாத்திரையா குடுத்தியா?" ன்னு ஸ்ட்ரிப்பை திருப்பித் திருப்பி பாத்தாங்க.

நேரம் சரியா போட்டும் எட்டு வாரம் ஆகியும் கேக்கலன்னா அப்புறம்தான் டோஸ் ஏத்துறது, ரெண்டு வேளை போடுறது, வேற மாத்திரைக்கு மாத்துறது பத்தி டாக்டர்கிட்ட பேசணும்.

பான் 40 பவரா, ராசோ 20 பவரா?

40ங்கிறது 20ஐ விட பெருசுன்னு இங்க கணக்கு போடக்கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் எம்ஜி அளவு வேற. ஆசிட்டை குறைக்கிற வேகத்துல ராபிப்ரசோல் 20 பான்டோப்ரசோல் 40ஐ விட கூடத்தான், எசோமிப்ரசோல் 40ம் அப்படித்தான். ஆனா சாதாரண எதுக்களிப்புக்கு எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேக்கும், நிறைய பேருக்கு எது போட்டாலும் வித்தியாசமே தெரியாது. சிலரோட ஈரல் ஒமிப்ரசோல் மாதிரி மருந்தை சீக்கிரமா கரைச்சு தள்ளிரும், அவங்களுக்கு ராபிப்ரசோல் மாத்தி குடுத்தா கேக்கும், அது அந்த வழியை அவ்வளவா நம்பி இல்ல.

விலையை பொறுத்தவரைக்கும் மக்கள் மருந்தகத்துலயும் 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகத்துலயும் இதே மருந்து ஜெனரிக்ல ரொம்ப குறைவு. நான் கடையில வேலை பாக்குறவன், இருந்தும் சொல்றேன், மாசாமாசம் வாங்குறவங்க அங்க போய் வாங்கலாம்.

பான் டி, ராசோ டி, எல்எஸ்னு வருதே, வெறும் பானை விட நல்லதா?

இந்த கேள்வியை யாரும் கேக்கமாட்டேங்குறாங்க, கேக்கணும். டின்னா டோம்பெரிடோன். வாந்தி, குமட்டலை நிறுத்துற மருந்து, வயித்துல இருக்குறதை சீக்கிரம் கீழ தள்ளும். பான் டி ஒரு கேப்ஸ்யூல்ல 40 எம்ஜி பான்டோப்ரசோலும் 30 எம்ஜி டோம்பெரிடோனும் இருக்கு. டோம்பெரிடோன் சிலருக்கு இதயத்துடிப்போட தாளத்தை கெடுக்கும்னு தெரிஞ்சு ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2014லயே குமட்டல் வாந்திக்கு மட்டும்தான் குடுக்கணும், ஒரு வேளைக்கு 10 எம்ஜி, நாளைக்கு மூணு வேளைக்கு மேல வேண்டாம், பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிருச்சு. நம்ம ஊர்ல அதை வருஷக்கணக்கா போடுறோம், கூடவே இருமலுக்கு அசித்ரோமைசின் போடுறோம், அதுவும் அதே தாளத்தை தொடுற மருந்து. வயசானவங்க, ஹார்ட் பேஷன்ட் இருக்குற வீட்டுல இதை கண்டிப்பா டாக்டர்கிட்ட கேளுங்க.

எல்எஸ்னா லெவோசல்பிரைடு. இது மூளையில உடம்பு அசைவை சீரா வச்சிருக்குற டோபமைன்ங்கிற ரசாயனத்தையும் தடுக்கும். ஒரு பாட்டியம்மா, மகன்தான் மாசம் மாசம் வந்து எல்எஸ் மாத்திரை வாங்குவார். ஒருநாள் அந்த அம்மாவே வந்தாங்க, ரூபாய் நோட்டை எண்ண முடியாம விரல் ஆடுது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுற மாதிரி தன்னால உரசிட்டே இருக்கு, நடையும் சின்னச் சின்ன அடியா போயிருச்சு. வயசாயிடுச்சுன்னு வீட்ல விட்டுட்டாங்க. மாத்திரை பேரை எழுதிக் குடுத்து நரம்பு டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன், அவர் எல்எஸ்ஸை நிறுத்தினார், நாலஞ்சு மாசத்துல நடுக்கம் நல்லா குறைஞ்சுது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு பீரியட்ஸ் தள்ளிப்போறது, பால் சுரக்குறதுன்னுகூட இதனால வரும். எழுதுன டாக்டர் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதியிருப்பார், நாமதான் பழைய சீட்டை வச்சு வாங்கிட்டே இருக்கோம். குமட்டல், வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குறதெல்லாம் இல்லாம வெறும் எரிச்சல் மட்டும்னா "டாக்டர், டி இல்லாம வெறும் பான் போதுமா?" ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ரான்டாக்ல கேன்சர் வரும்னு சொன்னாங்களே, ஆனா இன்னும் விக்கிறீங்க?

2019 செப்டம்பர்ல ரானிடிடின்ல என்டிஎம்ஏங்கிற கலப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, கேன்சர் உண்டாக்கக்கூடியதுன்னு சந்தேகிக்கப்படுற பொருள் அது. வச்சிருக்க வச்சிருக்க, அதுவும் சூட்டுல வச்சா, அது கூடும்னு தெரிஞ்சதும் 2020 ஏப்ரல்ல அமெரிக்கா மார்க்கெட்ல இருந்தே எடுக்கச் சொல்லிருச்சு. இந்தியாவுல தடை பண்ணல, ஆனா 2022ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து ரானிடிடினை எடுத்துட்டாங்க. எங்க ஊர் சித்திரை வெயில்ல ஒரு பெட்டி மருந்து வேன்ல எவ்வளவு நேரம் வேகும்னு எனக்கு தெரியும், அதனால என்னைக் கேட்டா ஃபேமோடிடின் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். அதே வேலை, இந்த பிரச்சனை அதுல இல்ல. எப்பவோ நாலு ரான்டாக் போட்டுட்டேன்னு பயப்பட வேண்டாம்.

புதுசா வோனோப்ரசான்னு ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, அது என்ன?

அதே பம்பைத்தான் அடைக்குது, ஆனா வேற மாதிரி. பான் வகை மாதிரி பம்ப் பக்கத்து ஆசிட்டுல கிளர்ந்தாதான் வேலை செய்யும்ங்கிற கட்டாயம் இதுக்கு இல்ல, அதனால சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாக்க வேண்டாம், முதல் நாள்ல இருந்தே நல்லா அடக்கும், ராத்திரி எரிச்சலையும் பிடிக்கும். ஜப்பான்ல 2014லயே அனுமதி, அமெரிக்காவுல புண்ணோட கூடிய எதுக்களிப்புக்கு 2023 நவம்பர்ல. இங்கயும் இப்போ பல கம்பெனி பேர்ல வருது. புண்ணு பெருசா இருக்கிறவங்களுக்கு பான் வகையை விட இது நல்லா ஆத்துது. சாதா நெஞ்செரிச்சலுக்கு முதல்லயே இதுக்கு போக வேண்டியதில்லைங்கிறது என் எண்ணம், விலையும் கூட, ரொம்ப வருஷம் போட்டா என்னன்னு பாக்க ஒமிப்ரசோலுக்கு இருக்குற மாதிரி முப்பது வருஷ அனுபவமும் இதுக்கு இல்ல.

வருஷக்கணக்கா போட்டா கிட்னி போயிடும், எலும்பு உடையும்னு வாட்ஸ்அப்ல வருதே?

பாதி உண்மை, பாதி பயமுறுத்தல். அந்த ஆராய்ச்சிகள்ல பல, மாத்திரை போடுறவங்களை பின்னாடி இருந்து கணக்கெடுத்தது, அவங்க ஏற்கனவே நோயாளிங்க, அதனால எது மாத்திரையால வந்துச்சுன்னு பிரிக்கிறது கஷ்டம். 17,000க்கு மேற்பட்டவங்களுக்கு பாதி பேருக்கு பான்டோப்ரசோல், பாதி பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரைன்னு சுமார் மூணு வருஷம் குடுத்து பாத்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, அதுல தெளிவா கூடினது வயித்துப்போக்கு மாதிரி குடல் தொற்று மட்டும்தான், அதுவும் 1.0 சதவீதத்துல இருந்து 1.4 சதவீதம்.

அதுக்காக கவலையே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் போட்டா பி12 குறையலாம், சைவம் சாப்பிடுறவங்க, கூடவே சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்க (அதுவும் பி12ஐ குறைக்கும்) வருஷம் ஒருதடவை டெஸ்ட் பண்ணிக்கங்க, கால் மரமரப்பை எல்லாம் சுகர்னே நினைச்சுட்டு இருக்காதீங்க. ஒரு வருஷத்துக்கு மேல போடுறவங்களுக்கு அரிதா மெக்னீசியம் ரொம்ப இறங்கி தசை பிடிப்பு, படபடப்பு வரும். கிட்னியில அழற்சியும் அரிதா வரும். மறுபக்கம், உணவுக்குழாய் புண்ணு கடுமையா இருக்கிறவங்க, உணவுக்குழாயோட உள்தோல்ல பேரட்ஸ்னு சொல்ற மாற்றம் வந்தவங்க, ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போட்டு ரத்தக்கசிவு வந்தவங்க, இவங்களுக்கு நீண்டகாலம் தேவை. வாட்ஸ்அப் பாத்துட்டு இவங்க நிறுத்துறதுதான் எனக்கு பெரிய பயம்.

நிறுத்தினா ரெண்டே நாள்ல முன்னைவிட அதிகமா எரியுது. அப்போ காலம் முழுக்க போடணுமா?

அவசியமில்ல. பம்பை ரொம்ப நாள் அடைச்சு வச்சா உடம்பு அதை மீறி ஆசிட் சுரக்க வைக்க பாக்கும், ஆசிட்டை சுரக்கச் சொல்ற கேஸ்ட்ரின் ஹார்மோன் ஏறிடும். திடீர்னு நிறுத்துறப்போ அந்த சேத்து வச்ச வேகம் எல்லாம் ஒண்ணா வெளிய வரும். டென்மார்க்ல எதுக்களிப்பே இல்லாத 120 பேரை எடுத்து பாதி பேருக்கு எட்டு வாரம் எசோமிப்ரசோல் குடுத்து நிறுத்தி பாத்தாங்க, 2009ல வந்துச்சு, மருந்து போட்டவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நிறுத்தின பின்னாடி எரிச்சல், எதுக்களிப்பு மாதிரி ஆசிட் தொந்தரவு வந்துச்சு, வெத்து மாத்திரை போட்டவங்கள்ல 15 சதவீதம்தான். வியாதியே இல்லாதவங்களுக்கே மருந்தை நிறுத்தினதால எரிச்சல் வந்திருக்கு பாருங்க. அதனால ரெண்டாம் நாள் எரியுறதை வச்சு "எனக்கு இது இல்லாம ஆகாது" ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

டாக்டர் சரின்னா மெதுவா குறைக்கலாம். 40ல இருந்து 20, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், நடுவுல எரிஞ்சா காவிஸ்கானோ ஃபேமோடிடினோ. நான் இப்படித்தான் ஆறு வாரம் எடுத்து குறைச்சேன், மூணாவது வாரம் ரொம்ப சிரமப்பட்டேன், ராத்திரி சாப்பாட்டை 7:30க்கு இழுத்தபின்தான் தாங்க முடிஞ்சுது. இப்போ வருஷத்துல ரெண்டு மூணு தடவை, தேவைப்பட்டா ரெண்டு வாரம் போடுறேன்.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயித்துல, பானும் வெறும் வயித்துல, எப்படி?

தைராய்டு மாத்திரை எந்திரிச்சதும் தண்ணியோட. பானை ராத்திரி சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ராத்திரி எரிச்சல் அதிகம் உள்ளவங்களுக்கு அது இன்னும் நல்லது. ஆனா ஆசிட் குறைஞ்சாலே தைராய்டு மருந்து சரியா சேராது, நேரம் மாத்தினாலும். அதனால பான் ஆரம்பிச்சா ஆறுல இருந்து எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்த டெஸ்ட்) பாருங்க. ஜெலுசில், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கெல்லாம் தைராய்டு மாத்திரையில இருந்து நாலு மணி நேரம் தள்ளி வைங்க.

ஸ்டென்ட் வச்சு, ரத்தம் கட்டாம இருக்க குளோபிடோக்ரல் போடுறவங்க ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் வேண்டாம், அது குளோபிடோக்ரலோட வேலையை குறைக்கும், பான்டோப்ரசோல் பரவால்ல. அப்புறம் எரிச்சலை கிளப்புற மாத்திரையே சீட்டுல இருக்கலாம், பிபிக்கு அம்லோடிபின் அந்த வளையத்தை தளர்த்தும், வலி மாத்திரை டைக்ளோஃபினாக் புண்ணாக்கும், டாக்சிசைக்ளின் கேப்ஸ்யூலை ரெண்டு மடக்கு தண்ணியில விழுங்கிட்டு உடனே படுத்தா உணவுக்குழாய்லயே ஒட்டி புண்ணாக்கிரும். எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, நிறுத்துறதை நீங்களா பண்ணாதீங்க.

என்ன சாப்பிடக்கூடாது?

எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் கிடையாது. புளிக்குழம்பு ஒருத்தருக்கு ஆகாது, இன்னொருத்தருக்கு அது ஒண்ணும் பண்ணாது, வெறும் வயித்து காபிதான் எரிக்கும். ஒரு வாரம் ஒரு நோட்ல எழுதுங்க, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போ எரிஞ்சுது. ஆனா இது எல்லாருக்கும் பொது, எங்க ஊர்ல ராத்திரி 10:30க்கு எண்ணெய்ல பொரிச்ச பரோட்டா நாலு, சால்னா ஊத்தி தின்னுட்டு 11 மணிக்கு படுத்தா எந்த மாத்திரையும் காப்பாத்தாது. கொழுப்பு இரைப்பையில நேரம் எடுக்கும், வயிறு முட்ட இருந்தா வளையம் அடிக்கடி தளரும், அதுமேல படுத்தா கேக்கணுமா. படுக்கிறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாடு முடிங்க. சிகரெட், வாயில ஒதுக்குற புகையிலை, சாராயம், மூணும் வளையத்தை தளர்த்தும். தொப்பை குறைஞ்சா எரிச்சல் குறையும், இதை பலபேருக்கு கண்ணால பாத்திருக்கேன். பெல்ட், வேட்டி, பாவாடை நாடா எதையும் வயித்தை இறுக்கி கட்டாதீங்க.

பால், ஓமத்தண்ணி, ஆப்பிள் சைடர் வினிகர்?

பால் குடிச்ச நேரம் இதமா இருக்கும், அதுல இருக்குற புரதமும் கால்சியமும் திரும்ப ஆசிட் சுரக்க வைக்கும், படுக்கும்போது ஒரு டம்ளர் பால் எதுக்களிப்புக்காரங்களுக்கு நல்லதில்ல. ஓமம், சீரகத்தண்ணி உப்புசத்துக்கு இதமா இருக்கு, குடிங்க, புண்ணை ஆத்தும்னு நம்பாதீங்க. மோர், கஞ்சி பெரும்பாலும் ஒத்துக்கும். புதினா நல்லதுன்னு நினைச்சு பெப்பர்மின்ட் மிட்டாய் சப்புறாங்க, அது வளையத்தை தளர்த்தும். வினிகர் ஆசிட், எரியுற இடத்துல ஆசிட் ஊத்தாதீங்க.

தலையணை ரெண்டு வச்சும் ராத்திரி ஏறுதே?

தலையணை கழுத்தை மட்டும் தூக்கும், வயிறு மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும். கட்டிலோட தலைமாட்டு காலையே 6ல இருந்து 8 இஞ்ச் தூக்கணும். நம்ம செங்கல் ஒண்ணு 3 இஞ்ச் உயரம், ஒரு காலுக்கு ரெண்டு செங்கல் ஒண்ணுமேல ஒண்ணு, அடியில பழைய சைக்கிள் ட்யூப் துண்டு போட்டா வழுக்காது. முதல் ரெண்டு ராத்திரி கீழ சரியுற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிரும். பாய்ல படுக்கிறவங்க இடுப்புல இருந்தே சரிவா தூக்குற ஆப்பு மாதிரி ஸ்பாஞ்ச் வாங்கலாம். இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க, அப்போ இரைப்பை கீழயும் உணவுக்குழாய் வாய் மேலயும் இருக்கும், ஏறுனாலும் சீக்கிரம் இறங்கிடும்.

கர்ப்பமா இருக்கேன், தொண்டை வரை எரியுது?

ரொம்ப பேருக்கு வரும், பிரசவம் ஆனதும் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, ஆல்ஜினேட் சிரப்பு, கால்சியம் ஆன்டாசிட் முதல்ல. ஈனோ, சோடா மாவு வேண்டாம். மத்ததெல்லாம் உங்க டாக்டர் சொல்லி.

எப்போ எண்டோஸ்கோபி பாக்கணும்?

முழுங்கும்போது சிக்குது, எடை தானா குறையுது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம் (இரும்பு மாத்திரையாலயும் கருக்கும், அதையும் சொல்லுங்க), ரத்தசோகை, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச எரிச்சல், இதுல ஒண்ணு இருந்தாலும் மாத்திரை வாங்கிட்டு காத்திருக்காதீங்க, போய் பாருங்க. எட்டு வாரம் சரியா மாத்திரை போட்டும் விடலன்னாலும் பாக்கணும். அல்சர் கிருமிக்கு மூச்சு டெஸ்டோ மல டெஸ்டோ எழுதினா ரெண்டு வாரம் முன்னாடியே பானை நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு வந்துரும்.

எண்டோஸ்கோபி நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா எரியுது. எனக்கு மனப்பிரமையா?

இல்லம்மா, இல்லண்ணே. எதுக்களிப்பு இருக்குற நிறைய பேருக்கு எண்டோஸ்கோபியில ஒண்ணும் தெரியாது. அடுத்து மூக்கு வழியா மெல்லிசு டியூப் விட்டு 24 மணி நேரம் ஆசிட் எத்தனை தடவை ஏறுதுன்னு அளக்குற டெஸ்ட் இருக்கு, உணவுக்குழாயோட தசை எப்படி சுருங்குதுன்னு பாக்குற மானோமெட்ரி இருக்கு, குடல் நோய் டாக்டர்கிட்ட அதை பத்தி கேளுங்க. ஆசிட் நிஜமா நிறைய ஏறுதுன்னா மருந்தை கூட்டுறதுக்கு அர்த்தம் இருக்கு, இரைப்பை மேல்பாகத்தை உணவுக்குழாயை சுத்தி மடிச்சு தைக்கிற ஆபரேஷனும் ஒரு வழி, ருடால்ஃப் நிஸ்ஸன்ங்கிற சர்ஜன் 1956ல சொன்ன முறை, இப்போ லேப்ராஸ்கோப்பியில பண்றாங்க. ஆசிட் ஏறவே இல்ல, ஆனா எரியுதுன்னா அங்க நரம்பு ரொம்ப உணர்ச்சியா இருக்கு, சாதாரண அளவையே எரிச்சலா மூளைக்கு சொல்லுது. அந்த வலி நிஜம். அதுக்கு பானை ரெண்டு மூணா ஏத்தி பிரயோஜனமில்ல, நரம்பு உணர்ச்சியை தணிக்கிற மருந்து ரொம்ப சின்ன டோஸ்ல குடுப்பாங்க, சீட்டுல அமிட்ரிப்டிலின்னு பேரை பாத்துட்டு "மனநோய் மாத்திரையா குடுத்திருக்காங்க" ன்னு பயந்து கவுன்டர்லயே திருப்பிக் குடுத்துட்டு போறவங்க இருக்காங்க. திருப்பிக் குடுக்காதீங்க, எதுக்கு எழுதினார்னு டாக்டருக்கு ஒரு போன் பண்ணி கேட்டுட்டு போடுங்க.